ஒற்றை ஆள் வண்டி

அத்தியாயம் 11

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது தர்யோனோ ஒரு கேள்வி கேட்டார், வெனிங் ஒரு பதில் சொன்னாள். "பின்பக்கத்தை வெட்டிடட்டுமா?" என்றார் அவர். "சரிங்க" என்றாள் அவள். அதற்குப் பிறகு இருவரும் தட்டில் இருந்த தெம்பே வறுவலை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்கள். அந்தச் "சரிங்க"வை வெனிங் வாரம் முழுக்கத் தொண்டையில் மீன்முள் மாதிரி சுமந்துகொண்டு திரிகிறாள்.

வெட்டப்போவது அவர்களுடைய பழைய டைகர் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தை. மழைக்காலத்தில் வோனோசாரி மலைச் சாலை வளைவில், மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணலில் சறுக்கி விழுந்த அதே வண்டிதான். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் இருந்த வெனிங்குக்குத் தொடை எலும்பு முறிந்தது. இப்போது உள்ளே ஒரு தகடும், கையில் ஓர் ஊன்றுகோலும் இருக்கின்றன.

இன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே பட்டறையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. பட்டறை என்றால் வேறெங்கோ இல்லை, வீட்டின் முன்பாதிதான். தர்யோனோ பழைய வண்டிகளை வாங்கி, உரித்து, புதிதாகக் கட்டுகிறவர். பந்துல் வட்டாரத்தில் அவர் கை பட்ட வண்டியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். வெனிங்குக்கும் அதில் பங்குண்டு. எல்லா வண்டிக்கும் சீட் உறை தைப்பது அவள்தான். கணவன் இரும்பு, மனைவி ரெக்ஸின் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியைக் கேட்டு இப்போது ரொம்ப நாளாகிவிட்டது.

அவள் டீ கொண்டுபோனபோது அவர் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நசுங்கிய டேங்க் போய், தகட்டில் தட்டி உருவாக்கிய புது டேங்க் வந்திருந்தது. முட்டி பதிவதற்கு இரண்டு பக்கமும் குழி விட்டிருந்தார். ஹேண்டில்பார் கீழே இறங்கிவிட்டது. ஓட்டுகிறவர் குனிந்து, டேங்க்மேல் படுத்த மாதிரி போக வேண்டும். கஃபே ரேசர் பாணி வண்டி என்றால் அப்படித்தான். இளவட்டங்கள் அதற்காக உயிரையே விடுவார்கள்.

வெனிங் பார்த்தது ஹேண்டில்பாரை அல்ல. ஓட்டுகிறவர் கால் வைக்கும் கட்டையை அவர் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தியிருந்தார். எங்கே? அவள் கால் வைத்துக்கொண்டு வந்த அதே இடத்தில். கல்யாணமான நாளிலிருந்து அவள் செருப்பு தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கட்டை கழற்றப்பட்டு, திருகாணி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"டீ" என்றாள்.

"வெச்சிடு."

வைத்தாள். அவர் எழுந்து, அலமாரிமேல் இருந்த ஒரு ஃபைபர் அச்சை எடுத்து வந்து நீட்டினார். பின்னால் திமில் மாதிரி ஒரு மேடு, அதற்கு முன்னால் ஓர் ஆள் உட்காரப் பள்ளம். அவ்வளவுதான் இடம்.

"இதுக்கு உறை தைக்கணும். பழுப்பு நிறம் நல்லா இருக்கும்னு தோணுது. தொழுகை முடிஞ்சு வந்து பின்கம்பியை வெட்டிடறேன். நாளைக்குப் பெயிண்டுக்குப் போகணும்."

"சரிங்க."

பாருங்கள், மறுபடியும் அதே சரிங்க! வெனிங்குக்கே தன் வாய்மேல் எரிச்சலாக வந்தது. வண்டியின் பின்கம்பிகளில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்திருந்தார். கோட்டுக்கு முன்னால் அவர் இடம். பின்னால் இருப்பது பழைய இரும்புக் கடைக்கு.

இந்த ஊர் "சரி"யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இங்கே முதல் தடவை சொல்கிற சரிக்கு மதிப்பே கிடையாது. அது வெறும் மரியாதை. வேண்டாம் என்பதும் அப்படியே. விருந்தாளியைச் சாப்பிடச் சொன்னால் "இப்பதான் ஆச்சு" என்பார். இரண்டாவது தடவை சொன்னால் சிரிப்பார். மூன்றாவது தடவைதான் கை கழுவ எழுந்திருப்பார். மனசில் உள்ளது தெரிய வேண்டுமானால் மறுபடியும் கேட்க வேண்டும். தர்யோனோவுக்கு இது தெரியாதா? அவர் பிறந்து வளர்ந்ததே இந்தத் தெருவில்தான். ஆனாலும் அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

வாரம் முழுக்க வெனிங் காத்திருந்தாள். சோறு போடும்போது, விளக்கை அணைக்கும்போது, அவர் பட்டறைக் கட்டிலுக்குப் போகும்போதெல்லாம். ஆமாம், அவர் இன்னும் பட்டறையில்தான் படுக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், "உன் காலுக்கு இடம் வேணும்" என்று போனவர். கால் தேறிவிட்டது. அவர் திரும்பி வரவில்லை. கட்டிலில் அவர் பக்கத்தில் இப்போது இஸ்திரி போட்ட துணிகள் அடுக்கியிருக்கின்றன. அதை எடுத்து வைக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் தனியாக இருப்பது, ஒருத்தர் தனியாக இருப்பதைவிட மோசம். தனியாக இருந்தாலாவது யாருக்கும் டீ கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

பள்ளிவாசலில் அழைப்பு கேட்டது. தர்யோனோ குளித்து, லுங்கி கட்டி, தொப்பி வைத்துக்கொண்டு கிளம்பினார். தெருவில் ஆண்கள் எல்லாம் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக் கூண்டுப் புறா மட்டும் கூவிக்கொண்டிருந்தது. வெனிங் பட்டறை மேஜைமேல் பழுப்பு ரெக்ஸினை விரித்து, அச்சை அதன்மேல் கவிழ்த்து, கோடு போட்டாள். ஒருவர் சீட்டுக்கு எவ்வளவு குறைவாகத் துணி தேவைப்படுகிறது! மிச்சம் விழுந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். சத்தம் வராமல் அழ அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

"அண்ணி! கதவைத் தொறந்து போட்டுட்டு என்ன பண்றீங்க? திருடன் வந்தா அவனுக்கும் டீ போட்டுக் குடுப்பீங்க போல!"

ரஹாயு. தர்யோனோவின் தங்கை. கையில் எண்ணெய் பூத்த காகிதப் பொட்டலம், சூடான வாழைக்காய் வறுவல். மேடான்காரரைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவள் குரல் இரண்டு மடங்காகிவிட்டது. அந்த ஊரில் மனசில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பார்கள். அவள் கணவர் முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோது, "சாப்பிடுங்களேன்" என்றதற்கு, "சாப்பிடறேனே!" என்று சட்டென்று உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் அரிசியே போடவில்லை. பக்கத்து வீட்டுச் சோற்றைக் கடன் வாங்கிக் காப்பாற்றியது வெனிங்தான்.

"அழுதீங்களா?"

"ரெக்ஸின் பிசின் வாசனை. கண்ணு எரியுது."

"இன்னும் பிசின் டப்பாவையே தொறக்கலையே?" ரஹாயு பொட்டலத்தை வைத்துவிட்டு அச்சைத் தூக்கிப் பார்த்தாள். "இதென்ன, குழந்தைக்குப் பண்ணின நாற்காலி மாதிரி இருக்கு? ஒரு ஆள்தானா? அப்ப நீங்க எங்க உட்காருவீங்க?"

வெனிங் கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் குனிந்தாள்.

"அண்ணி, உங்களைத்தான் கேக்கறேன்."

"இந்த மாதிரி வண்டின்னா ஒரு ஆள்தான். அழகா இருக்கும். அவர் கேட்டார். நான் சரின்னேன்."

"எத்தனை தடவை கேட்டார்?"

வெனிங் ரெக்ஸினின் சுருக்கத்தை நீவினாள்.

"ஒரே தடவையா?" ரஹாயு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கடவுளே! ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையை வெச்சுட்டுக் குடித்தனம் பண்றீங்க. அண்ணன் என்ன நெனச்சிட்டிருக்கார் தெரியுமா? எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லியிருக்கார். 'நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டா. இனிமே என் பின்னாடி உட்கார அவளுக்கு இஷ்டமில்ல. எந்த மூஞ்சியை வெச்சுட்டு ரெண்டாவது தடவை கேக்கறது'ன்னு."

வெனிங்கின் கை ரெக்ஸின்மேல் அப்படியே நின்றது.

"அவரா சொன்னார்?"

"பின்ன நானா கதை கட்றேன்? சொல்லிட்டு ரொம்ப நேரம் தலையே நிமிரலையாம். எங்க வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. 'மறுபடி கேளுய்யா, முட்டாள்'ன்னு திட்டியிருக்கார். நாலு பேர் இருக்கற இடத்துல!"

வெனிங்குக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாளும் அவள் வேறு கணக்கு அல்லவா போட்டு வைத்திருந்தாள். தன் கால் நொண்டலைப் பார்க்கப் பிடிக்காமல்தான் பட்டறையில் படுக்கிறார், தன்னை ஏற்றிக்கொண்டு ஊரில் போக வெட்கப்பட்டுத்தான் ஒற்றைச் சீட் போடுகிறார் என்று நம்பியிருந்தாள். அவருடைய பயமும் அவளுடைய பயமும் ஒரே வீட்டில் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கின்றன.

"வந்ததும் சொல்லிடுங்க. வேண்டாம்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றாள் வெனிங். ஆனால் தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? அவர் வருவார், கட்டிங் மெஷினை எடுப்பார், இவள் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். நெருப்புப் பொறி பறக்கும். கம்பி விழும். வெட்டிய கம்பியை ஒட்டலாம்தான். ஆனால் அவராக ஒட்டப்போவதும் இல்லை, அவள் கேட்கப்போவதும் இல்லை.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரஹாயு, வண்டியைப் பிடிச்சுக்க முடியுமா?"

"எதுக்கு?"

"ஏறணும்."

ரஹாயு வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அது அவள் வாழ்க்கையில் அபூர்வம். முன்னால் போய் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெனிங் ரெக்ஸின் துண்டை மடித்துச் சுண்ணக்கோட்டுக்குப் பின்னால் கம்பிமேல் போட்டாள். நல்ல காலை ஊன்றி, மற்ற காலை இரண்டு கையாலும் தூக்கி மறுபக்கம் போட்டாள். தகடு இருக்கிற இடத்தில் ஒரு மின்னல் வெட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விழுந்த அன்றைக்கு அவள் இப்படி இரு பக்கமும் கால் போட்டு உட்காரவில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய நாள் அது. இடுப்பில் இறுக்கிச் சுற்றிய பாத்திக் துணியோடு காலை அகட்ட முடியாது. ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். "துணி மாத்திட்டு வந்துடறேனே" என்றாள். "நேரமாச்சு, அப்படியே ஏறு" என்றார் அவர். கால் போட்டு உட்கார்ந்திருந்தால் அவ்வளவு தூரம் தூக்கி எறியப்பட்டிருக்க மாட்டாள் என்று டாக்டர் பிறகு சொன்னார். டாக்டர் அதைத் தர்யோனோ முன்னால் சொன்னார்.

தொழுகை முடிந்து செருப்புச் சத்தங்கள் தெருவில் வர ஆரம்பித்தன.

தர்யோனோ தோளில் தொழுகை விரிப்போடு உள்ளே வந்தார். வண்டியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"எறங்கு, வெனிங். விழுந்துடப் போறே."

விழுவது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாளாயிற்று! இந்த வீட்டில் தட்டு கீழே விழுந்தால்கூட "தவறிடுச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"போன வாரம் ஒண்ணு கேட்டீங்களே" என்றாள் வெனிங். "இன்னொரு தடவை கேளுங்க."

"அண்ணி பேசறாங்க!" என்றாள் ரஹாயு.

"நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

தர்யோனோ தொப்பியைக் கழற்றினார். அதைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"பின்பக்கத்தை வெட்டிடட்டுமா?"

"வேண்டாம்."

சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. எதிர்வீட்டுப் புறா கூவிக்கொண்டுதான் இருந்தது. அவர் முகம் மலரும், ஒரு சிரிப்பு வரும் என்று வெனிங் எதிர்பார்த்தாள். அவர் வேலை மேஜைமேல் கையை ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டார்.

"உனக்கு இஷ்டமில்லைன்னு நெனச்சேன். அது ஒரு வகையில சௌகரியமாவும் இருந்தது" என்றார் மெதுவாக. "வெட்டிட்டா யாரையும் ஏத்த வேண்டாம் பாரு. என்னால முடியாது வெனிங். நீ பின்னாடி இருந்தா என்னால ஓட்ட முடியாது."

"ஏன்?"

"அன்னிக்கு நீ கத்தக்கூட இல்ல. எனக்கு எதுவும் கேக்கல. வண்டி லேசாச்சு. திடீர்னு பின்னாடி கனம் போயிடுச்சு. அப்பதான் நீ இல்லைன்னு தெரிஞ்சது. இப்பவும் தூக்கத்துல அந்த லேசுதான் வருது. எழுந்து உட்கார்ந்துக்கறேன். நீ பக்கத்துல படுத்திருந்தா உன்னை உதைச்சுடுவேனோன்னுதான் இங்க..."

ரஹாயு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெனிங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உங்கள் தப்பு இல்லை என்று சொல்லலாம். அதை ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், ஒரு பயனும் இல்லை. அவர்மேல் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. இதைச் சொல்ல இவ்வளவு நாளா? இந்த மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரிகளில்தான், இந்தப் பக்கம் அவளும் விழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நேரமாச்சுன்னு சொன்னது நான்தான்" என்றார் அவர்.

"தெரியும். அதைக் கேட்டுட்டு ஏறினது நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரஹாயு, அந்த அச்சை எடுத்து முன்னாடி வை."

ரஹாயு ஒரு கையால் வண்டியைப் பிடித்தபடியே மறுகையை நீட்டி, ஒற்றைச் சீட் அச்சை எடுத்துக் கோட்டுக்கு முன்னால் வைத்தாள். வெனிங் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சுண்ணக்கோட்டைத் தாண்டி, அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தாள். கோட்டின் சுண்ணாம்பு அவள் பாவாடையில் ஒட்டிக்கொண்டது. ஹேண்டில்பார் எங்கோ பாதாளத்தில் இருந்தது. குனிந்து எட்டிப் பிடித்தாள்.

"என்ன பண்றே?" என்றார் தர்யோனோ.

"உங்களால என்னைப் பின்னாடி வெச்சு ஓட்ட முடியாது. சரி, ஓட்டாதீங்க. நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உட்காருங்க."

"அண்ணி, உங்களுக்கு சைக்கிளே ஓட்ட வராது!" என்றாள் ரஹாயு.

"கத்துக்கறேன். இன்னிக்கே தெருவுக்கா போறோம்? ஹேண்டிலைத்தான் நீ பிடிச்சிட்டிருக்கியே. சும்மா வந்து உட்காரத்தான் சொல்றேன்."

"உன் கால் இருக்கற நிலைமைல..." என்று ஆரம்பித்தார் அவர்.

"என் காலைப் பத்தி ராத்திரி பேசலாம். உள்ளே வந்து பேசலாம்." அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அவள் அவரிடம் கல்யாணமான புதிதில்கூடச் சொன்னதில்லை. "மூணு தடவை கேக்கணுமா? கேக்கறேன். உட்காருங்க. உட்காருங்க. வந்து உட்காருங்க."

ரஹாயு மறுகையையும் ஹேண்டில்பாரில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வெனிங்குக்கு எதிரே கருவிகள் தொங்கும் சுவர் மட்டும்தான் தெரிந்தது. திரும்பிப் பார்க்கலாம் என்றால் இப்படிக் குனிந்து உட்கார்ந்த நிலையில் இடுப்பு திரும்பவில்லை. முன்னால் உட்கார்ந்தவருக்குப் பின்னால் இருப்பவர் முகம் தெரிவதே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே எத்தனை ஊர் போய் வந்திருக்கிறாள்! பாட்டு முணுமுணுத்தபடி, கடை கண்ணியைப் பார்த்தபடி, நிம்மதியாக வந்திருக்கிறாள். அவர் அவ்வளவு தூரமும் ஒரு கனத்தை மட்டும் நம்பி ஓட்டியிருக்கிறார்.

செருப்புச் சத்தம் கேட்டது. மேஜையிலிருந்து ஓர் அடி. இன்னொன்று. மூச்சுக்காற்று அவள் பிடரிக்குப் பக்கத்தில் வந்தது. தொழுகைக்கு அவர் பூசிக்கொள்ளும் அத்தர் வாசனையும் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஹேண்டில்பாரை இறுக்கிக்கொண்டு, அவர் ஏறி உட்கார்ந்து வண்டி அமிழ்வதற்காகக் காத்திருந்தாள்.

அவருக்கு நேர் எதிரே நின்ற ரஹாயு மெல்லத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்கம்பியில் அவர் கை பட்டது. அந்தக் கையின் அழுத்தம் இரும்பு வழியாக ஓடி வந்து வெனிங்கின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. கை மட்டும்தான். வண்டி அமிழவில்லை.